பக்கத்து நட்சத்திரம்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு நட்சத்திரம் பார்க்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மேகம், மழை, தெருவிளக்கு, இதெல்லாம் போக மேலே ஏதாவது மினுக்கினால் அது சாங்கியில் இறங்கப் போகிற விமானம். "எங்கேங்க தெரியுது?" என்று கேட்பவர்களிடம், எனக்கும் தெரியாதுங்க, நான் வானத்தைப் பார்ப்பதே இல்லை என்பேன். என் நட்சத்திரங்களை நான் பகல் மூன்றரை மணிக்கு, தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், ஏர்கானுக்கு நேர் கீழே உட்கார்ந்து மடிக்கணினியில் பார்க்கிறேன்.

எனக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற வேலை. காலை ஷிஃப்ட் மூன்று மணிக்கு முடியும். மார்சிலிங்கில் இருக்கும் வீட்டுக்கு நேராகப் போனால் துணிக்கூடை என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன், கடைசியில் அதுதான் ஜெயிக்கும். அதனால் வழியில் தேக்காவில் இறங்கிவிடுவேன். கடைக்காரர் நான் கேட்காமலே சர்க்கரை குறைத்து ஒரு கோப்பி அனுப்பிவிடுவார்.

நான் தேடுவது மாறொளி நட்சத்திரங்களை. அதாவது, ஒரே மாதிரி எரியாமல் ஏறி இறங்கி எரிகிறவை. அகச்சிவப்பு என்று ஓர் ஒளி உண்டு. நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தூசிக்குள் பதுங்கியிருக்கும் நட்சத்திரம்கூட அதில் மாட்டிக்கொள்ளும். அந்த ஒளியில் வானம் முழுவதையும் படமெடுக்க ஒரு செயற்கைக்கோளை அனுப்பினார்கள். அது ஆறு மாசத்துக்கு ஒருமுறை வானத்தின் அதே இடத்துக்குத் திரும்பி வந்து படமெடுத்தது. பத்து வருஷத்துக்கு மேல் இதையே செய்தது. எடுத்த படங்களும் அளந்த எண்களும் இணையத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், எந்தப் பட்டமும் தேவையில்லை. நினைத்தாலே எனக்கு இன்னமும் புல்லரிக்கும். வானத்தையே வாரி மேசை மேல் கொட்டிவிட்டு, வேண்டியதைப் பொறுக்கிக்கோ என்று சொன்ன மாதிரி.

மாறொளி நட்சத்திரங்களுக்கென்று உலகப் பொதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பக்கத்தில் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும். அந்த இடத்தில் ஒரே ஒருமுறை என் பெயர் வர வேண்டும். இவ்வளவுதான் ஆசை. ஆனால் அது லேசில் தீருகிற ஆசை இல்லை. நாலு வருஷமாகத் தேடினேன். நான் கண்டுபிடித்த அத்தனையும் ஏற்கெனவே யாரோ ஒருவருடையதாக இருந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவேன்.

போன டிசம்பரில்தான் அது மாட்டியது. ஒரு நட்சத்திரத்தின் பிரகாச அளவுகளைப் புள்ளிகளாக வரைபடத்தில் போட்டேன். ஒரு புள்ளி மேலே, அடுத்தது கீழே, அடுத்தது மேலே, அடுத்தது கீழே. இருபது தடவை, பிசகே இல்லாமல். பட்டியலில் தேடினேன். இல்லை. இன்னொரு பட்டியல். அதிலும் இல்லை. "ஐயோ, மாதாவே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எலும்பைக் கீழே போட்டுவிட்டார். எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. கணக்குப் பார்த்ததில், அந்த நட்சத்திரம் சரியாக ஒரு வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கியது.

எதிரில் என் சிநேகிதி உட்கார்ந்திருந்தாள். கிளமெண்டியில் இருக்கிறாள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். வானியல் வகுப்பு ஒன்றில் பழக்கம். வாரத்தில் இரண்டு நாள் தேக்காவில் வந்து என்னோடு உட்கார்ந்து தன் பங்குக்கு வானத்தைத் துழாவுவாள். ஒரு வங்கியில் மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. எல்லாம் ஒழுங்காக ஓடினால் அவளுக்குச் சந்தோஷமே இருக்காது.

என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அக்கா, கரெக்டா ஒரு வருஷமா? ஒன் இயர்னா கொஞ்சம் சஸ்பிஷியஸ் லா. பூமி சூரியனைச் சுத்துறதும் ஒரு வருஷம்தானே?"

"வருஷக்கணக்குல மாறுற நட்சத்திரம் ஆயிரம் இருக்கு. தெரியாத மாதிரி பேசாத."

"தெரியும்க்கா. எச்சரிக்கைப் பத்தி பார்த்தீங்களா?"

பதிவு ஒவ்வொன்றிலும் எச்சரிக்கைக்கு என்றே ஒரு பத்தி உண்டு. இந்த அளவீட்டை நம்பாதே, பக்கத்தில் தொந்தரவு இருக்கிறது என்று அதில் ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். நான் அந்தப் பத்தியை எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டேன். அதை மதித்தால் பாதி நட்சத்திரங்கள் கையை விட்டுப் போய்விடுகின்றன. நாலு வருஷம் வெறுங்கையோடு திரிந்தவளுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"பார்த்தேன்" என்றேன். பொய்.

"ஒருவாட்டி நானும் பார்க்கட்டா? சப்மிட் பண்றதுக்கு முன்னாடி..."

"எதுக்கு? உனக்குக் கிடைக்கலன்னு வயித்தெரிச்சலா?"

வாய்க்கு வந்துவிட்டது. என் வாய் எனக்கு முன்னால் ஓடுகிற வாய், ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கே தெரியும். அவள் "ஓகேக்கா" என்று சொல்லிவிட்டுப் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அன்றைக்கே பட்டியலுக்கு விண்ணப்பம் போட்டேன். கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை ஒவ்வோர் எழுத்தாக ரசித்துத் தட்டினேன். அவர்கள் சரிபார்த்துப் பதில் சொல்லச் சில வாரம் ஆகும்.

அதுவரை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் அக்காவிடம் சொன்னேன். அக்காவிடம் சொன்னால் கோயில் பங்கு மக்கள் எல்லாருக்கும் சொன்ன மாதிரி. புக்கிட் மேராவில் எங்கள் கோயிலில் அவள்தான் தமிழ்ப் பாடகர் குழுவுக்குத் தலைவி. ஜனவரி முதல் ஞாயிறு மூன்று ராஜாக்கள் திருநாள். ராஜாக்களுக்கு நட்சத்திரம் வழிகாட்டிய நாள். கேட்க வேண்டுமா? ஃபாதரிடம் சொல்லி, பூசையில் எனக்காக நன்றி சொல்ல வேண்டும் என்று கருத்தும் எழுதிக் கொடுத்துவிட்டாள். பூசை முடிந்ததும் நான் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்றும் முடிவாகிவிட்டது.

"நம்ம குடும்பத்துல ஒரு நட்சத்திரம்டி!" என்று போனில் கத்தினாள். நான் புதுப் புடவை எடுத்தேன்.

திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட். ஒரு சீனப் பெரியவருக்குத் தலை ஸ்கேன். அவர் கடைவாய்ப் பல்லில் தங்கம் அடைத்திருந்தார். பல்லில் உலோகம் இருந்தால் படத்தில் அதைச் சுற்றிப் பளீரென்று கோடுகள் பாயும். பக்கத்தில் இருப்பதெல்லாம் அந்தக் கோட்டில் மூழ்கி, இல்லாத வியாதி இருக்கிற மாதிரி தெரியும். இருபது வருஷமாக இதைப் பார்க்கிறவள் நான். தாடையைக் கொஞ்சம் மேலே தூக்கச் சொல்லி மறுபடி எடுத்தேன். கோடு வேறு இடத்துக்குப் போய்விட்டது. முன்பு பளீரென்று இருந்த இடம் இப்போது சாதாரணமாக இருந்தது.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திருப்பி எடுத்தால் கோடு இடம் மாறும். திருப்பி எடுத்தால்.

அந்தச் செயற்கைக்கோளும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை தலைகீழாகத் திரும்பித்தான் அதே இடத்துக்கு வருகிறது. என் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் உண்டு. அகச்சிவப்பில் கண்ணைக் குத்துகிற பிரகாசம். அது என்னைத் தொந்தரவு செய்கிறது என்று அது வராதபடி படத்தை வெட்டி வைத்திருந்தேன். பெரியவர், "ஓகே ஆ, மிஸ்ஸி?" என்று கேட்டார். அவருக்கு ஓகேதான். எனக்குத்தான் இல்லை.

மூன்று மணிக்கு வெளியே வந்ததும் சிநேகிதிக்குப் போன் செய்தேன். இரண்டு வாரமாக அவளோடு பேசவில்லை. எடுப்பாளோ மாட்டாளோ என்று இருந்தது. எடுத்தாள்.

"நான் சொன்னது தப்பு. வயித்தெரிச்சல்னு சொன்னதும் தப்பு, பார்த்தேன்னு சொன்னதும் பொய். நாளைக்குக் கோயில்ல பேசணும். நீ கொஞ்சம் பார்க்கிறியா?"

"கிளமெண்டிக்கு வாங்க. சாப்பிட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். நானாக இருந்தால் குறைந்தது ஒரு மணி நேரம் திட்டிவிட்டுத்தான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருப்பேன்.

அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல்மேசையில் மடிக்கணினியைத் திறந்தோம். வெட்டி எறிந்த படங்களை எல்லாம் முழுசாக இறக்கி, தேதி வாரியாக வரிசையாக வைத்தோம். பார்க்கவே வெட்கமாக இருந்தது. பெரிய நட்சத்திரத்தின் ஒரு பக்கத்தில் மங்கலாக ஒரு வளையம். அடுத்த ஆறு மாசத்தில் அதே வளையம் எதிர்ப்பக்கத்தில். கருவியின் கண்ணாடிகளுக்குள்ளேயே ஒளி எதிரொளித்து உண்டாகிற பொய்ப் பிம்பம் அது. இந்தத் துறையில் அதைப் பேய் என்றே சொல்வார்கள். வருஷத்தில் ஒருமுறை அந்தப் பேய் சரியாக என் நட்சத்திரத்தின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் கழற்றிப் போட்ட எச்சரிக்கைப் பத்தியைத் திரும்பச் சேர்த்தோம். மேலே இருந்த பத்துப் புள்ளிகளுக்கும் பேய் என்றே எழுத்துப் போட்டிருந்தது. பத்துக்குப் பத்து.

என் நட்சத்திரம் மாறவே இல்லை. அது பாட்டுக்குச் சிவனே என்று ஒரே மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

அங்கேயே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். என் பெயர் திரையிலிருந்து மறைந்தது. அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. இருபது வருஷமாகப் பொய்க் கோட்டையும் நிஜ வியாதியையும் பிரித்துச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், என் சொந்த ஆசையில் அதைக் கோட்டை விட்டுவிட்டேனே! "செருப்பால அடிக்கணும் என்னை" என்றேன்.

அவள் நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. மேலே இருந்த பத்துப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது மெஷின் பக்னா, வெறும் கோளாறுன்னா, எல்லாத் தடவையும் ஒரே மாதிரிதானே வரணும்?"

"என்ன?"

"பேய் ஒரே இடத்துலதான் விழுது. ஆனா ஒரு வருஷம் ஹைட்டா இருக்கு, இன்னொரு வருஷம் கம்மி. பாருங்க. ஏறுது, இறங்குது, திரும்ப ஏறுது. பேய்க்கு எப்படிக்கா வெளிச்சம் கூடும் குறையும்?"

பேய்க்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அது பெரிய நட்சத்திரத்தின் பிம்பம். பேய் மங்கினால் அந்த நட்சத்திரம் மங்குகிறது என்று அர்த்தம். அதன் பிரகாசத்தில் செயற்கைக்கோளின் கண்ணே கூசிப்போனதால் அதை நேராக யாராலும் ஒழுங்காக அளக்க முடியவில்லை. சாதாரண ஒளியிலோ தூசி மூடி அது தெரிவதே இல்லை. பட்டியல்களைப் புரட்டினோம். வெறும் ஓர் எண்தான் இருந்தது. மாறுகிறது என்று யாரும் எழுதவில்லை. புள்ளிகளைக் கோட்டில் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய நாலரை வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. தூசிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற கிழட்டு நட்சத்திரங்கள் அப்படித்தான் செய்யும். இரண்டு பேரும் எழுந்து நின்று குதித்தோம். லிஃப்டுக்காக நின்றிருந்தவர்கள் நாலு நம்பர் லாட்டரி அடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

உடனே அவள் உட்கார்ந்துவிட்டாள். "வெயிட். பத்தே பாயிண்ட். இன்னொரு பேயா இருந்தா?"

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. தென் அமெரிக்காவில் ஒரு மலை உச்சியிலிருந்து எடுத்த வேறோர் அகச்சிவப்புத் தொகுப்பு இருக்கிறது. வேறு தொலைநோக்கி, வேறு கண்ணாடி, இந்தப் பேய் அங்கே வராது. அதன் அலைவரிசையில் தூசி நன்றாக மறைப்பதால் நட்சத்திரம் கண் கூசுகிற அளவு இருக்காது, நேராகவே அளக்கலாம். படங்களையும் அளந்த எண்களையும் கேட்டு விண்ணப்பித்தோம். தயாரானதும் மின்னஞ்சல் வரும் என்று பதில் வந்தது. எப்போது என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். நன்றிக் கருத்தை ஃபாதர் சத்தமாக வாசித்தார். அக்கா பாடகர் குழுவிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அங்கேயே சண்டை வரும். பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றபோது, பக்கத்து நட்சத்திரத்தைச் சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. இங்கே யாருக்கு வித்தியாசம் தெரியப் போகிறது? எல்லாருக்கும் சந்தோஷம், அக்காவுக்கும் மானம் போகாது. கடைசி வரிசையில் என் சிநேகிதி நெற்றிக் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தாள். வருகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை.

"நான் நட்சத்திரம் கண்டுபிடிச்சேன்னு உங்ககிட்ட சொன்னாங்க. இல்லைங்க. நான் கண்டுபிடிச்சது பேய்" என்றேன்.

கோயிலில் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? ஃபாதருக்கே தூக்கிவாரிப் போட்டது. தங்கப் பல்லிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். எச்சரிக்கையைக் கழற்றி எறிந்ததையும் சொன்னேன், சிநேகிதியிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். ஐந்து நிமிஷம் பதினைந்து நிமிஷமானது. வெட்கமாகத்தான் தொடங்கினேன். ஆனால் பேய் பக்கம் மாறி மாறி உட்கார்ந்த கதைக்கு வந்தபோது எனக்கே உற்சாகம் தாங்கவில்லை, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். ஜனங்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

கீழே ஹாலில் சாப்பிட நாசி லெமாக்கும் கறிபஃபும் வைத்திருந்தார்கள். அக்கா என்னை மூலைக்கு இழுத்தாள். "ஊரெல்லாம் சொல்லிட்டேனே, எம் மூஞ்சியை எங்கடி வைக்கிறது?" என்று அவள் ஆரம்பித்தபோது சிநேகிதி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மின்னஞ்சல் வந்துவிட்டது. மலை உச்சிப் படங்களும் எண்களும் இறங்கிவிட்டன.

"திறக்காத!" என்று கத்தினேன். முதலில் எங்கள் ஊகத்தை எழுத வேண்டும். பார்த்த பிறகு எழுதினால் என் கண்ணை நானே நம்ப மாட்டேன். பாட்டுத்தாளின் பின்பக்கத்தில், எந்தெந்த வருஷம் பிரகாசம், எந்தெந்த வருஷம் மங்கல் என்று பேனாவால் எழுதி அக்கா கையில் கொடுத்தேன். "நீயே வாசி. நான் மாத்திட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது."

அக்கா முறைத்துக்கொண்டே வாங்கினாள். பாடகர் குழுப் பெண்கள் கறிபஃபோடு சுற்றி நின்றார்கள். முதலில் எச்சரிக்கைப் பத்தியைத் திறந்து பார்த்தேன், எல்லாருக்கும் தெரிய. ஒரு குறியும் இல்லை. சிநேகிதி ஒவ்வொரு புள்ளியாகப் போட்டாள்.

"மொத வருஷம், பிரகாசம்" என்று அக்கா வாசித்தாள். புள்ளி மேலே விழுந்தது.

"அடுத்தது, குறையணும்." குறைந்தது.

"மங்கல்." கீழே.

"இன்னும் மங்கலா? ஏய், இது சரியா வராதுடி..." வந்தது. தரையைத் தொட்டது. அக்காவின் குரல் ஏறிவிட்டது. "ஏறணும். இப்ப ஏறணும்!" ஏறியது. அதற்குள் ஹாலில் பாதிப் பேர் எங்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். கடைசிப் புள்ளி உச்சியில் போய் விழுந்தபோது அக்கா போட்ட சத்தத்துக்கு ஃபாதர் ஓடி வந்தார். நானும் சிநேகிதியும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோமா அழுதோமா, தெரியவில்லை.

அங்கேயே புது விண்ணப்பத்தைத் திறந்தோம். அவள் தட்டினாள். கண்டுபிடித்தவர் என்ற கட்டம் வந்ததும் யோசிக்காமல் என் பெயரைத் தட்டிவிட்டாள். நான் மடிக்கணினியை என் பக்கம் இழுத்து அதை அழித்துவிட்டு அவள் பெயரைப் போட்டேன்.

"அக்கா! நாலு வருஷமா நீங்கதானே தேடினீங்க?"

"நான் தேடினது பக்கத்துல இருந்துச்சு. இதை நான் வெட்டி எறிஞ்சேன்."

"அப்ப ரெண்டு பேரும் போடலாம்லா."

"போடலாம். மொதல்ல நீ."

அவள் பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்து, என் பெயரைத் தட்டினேன். இந்த முறை எழுத்து எழுத்தாக ரசிக்க நேரமில்லை. அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம் அனுப்புடி, வேற யாராவது முந்திக்கப் போறாங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள்.